கொழுக்கி கழற்றும் வைபவம்

செம்பாட்டடி மக்கள் மேம்பாட்டு மன்றத்திலை ஒரு வேலை கிடக்குதெண்டால் அது குலேந்திரன்ரை வேலை எண்டுதான் அர்த்தம். கதிரை அடுக்கிறது, தோரணம் கட்டுறது, தேத்தண்ணி ஊத்துறது, கூட்டம் முடிய லைற்றை நூக்கிறது, எல்லாம் அந்த மனிசன்தான். நிர்வாகசபை உறுப்பினர் எண்டு பட்டம் குடுத்திருந்தவை. வெங்காயமும் பீற்றூட்டும் போட்டுச் சீவிக்கிற தோட்டக்காரன், உடம்பிலை ஒரு வருத்தமும் இல்லை. குறையெண்டு சொன்னால் ஒண்டேயொண்டு, ‘ஏலாது’ எண்ட சொல் அவரின்ரை வாயாலை வராது. நெஞ்சிலையிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் ஒழுங்கா வரும். பல்லுக்குக் கிட்ட வந்ததும் ‘ஓம்’ எண்டு மாறிப் போடும்.

இன்னொண்டு, மனிசனுக்கு உயரம் எண்டால் ஆகாது. தேங்காய் புடுங்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிறவர். கோயில் கோபுரத்துக்குப் பெயின்ற் அடிச்சவங்களைக் கீழை நிண்டு அண்ணாந்து பாத்ததுக்கே தலை சுத்திச் சத்தி எடுத்தவர். இப்பிடிப்பட்ட மனிசனைப் பறக்கிற பிளேனிலையிருந்து கீழை விடுறதெண்டு மன்றம் தீர்மானிச்சுது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினது எண்டதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஒருத்தரும் மன்றத்திலை ஒற்றுமை இல்லையெண்டு கதைக்கப்படாது.

சங்கதி இதுதான். சிறுநீரக வருத்தக்காரரை ரத்தம் சுத்திகரிக்கப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஊருக்கு ஒரு அம்புலன்ஸ் தேவைப்பட்டுது. மன்றத்தின்ரை சூரிச் கிளை வாட்ஸப்பிலை ஒரு நீளமான செய்தி அனுப்பிச்சுது. வானத்திலையிருந்து ஒரு நிகழ்ச்சி செய்யுங்கோ, இஞ்சத்தைச் சனம் பாத்துக் காசு போடும், செய்விக்கிறதுக்கு ஆளும் அனுப்புறம் எண்டு. முதல் வரியை எல்லாரும் வாசிச்சினம். மிச்சத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லை. வானத்திலையிருந்து நிகழ்ச்சி எண்டதும் எங்கடை ஆக்களுக்குக் கும்பாபிஷேகம்தான் ஞாபகத்துக்கு வந்துது. ஹெலிகொப்ரர் வந்து கோபுரத்துக்கு மேலை பூச் சொரியுமெல்லே, அப்பிடி ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டு, பூக்கூடையோடை ஆர் ஏறுறதெண்டு அடிபிடிப்பட்டினம்.

தலைவர் சிவக்கொழுந்து ஓய்வுபெற்ற அதிபர். தான் இருக்கேக்கை வேறை ஆரும் மேலை போறது மன்றத்துக்கே அவமானம் எண்டார். தலைவருக்குப் பக்கத்திலை செயலாளர் இருக்கவேணுமெண்டு மன்றத்தின்ரை சட்டப் புத்தகமான யாப்பிலை கிடக்குதெண்டு செயலாளர் இளையதம்பி மாஸ்டர் சொன்னார். பூ வாங்கிறது நானெண்டால் சொரியிறதும் நானெண்டார் பொருளாளர் றோய். கடைசியிலை ஆருக்கும் நோகாமல், ‘மன்ற நிர்வாகசபையினர் வானிலிருந்து இறங்குவர்’ எண்டு நோட்டீஸ் அடிச்சு, பண்டத்தரிப்பிலையிருந்து மானிப்பாய் வரைக்கும் மதில் மதிலாய் ஒட்டியாச்சு.

ஒட்டின பசை காய முதல் சூரிச்சிலையிருந்து ஜெரோசன் வந்து இறங்கினான். அங்கை பிறந்து வளந்த பிள்ளை, பிளேனிலையிருந்து குதிக்கிறதையும் ஆக்களைக் கட்டிக்கொண்டு குதிக்கிறதையும் தொழிலாச் செய்யிறவன். மன்ற மண்டபத்திலை சீலை கட்டி வீடியோ போட்டுக் காட்டினான். ஒரு வெள்ளைக்கார மனிசி, கன்னம் ரெண்டும் காத்திலை அடிபட, வாயைப் பிளந்துகொண்டு மேகத்துக்குள்ளாலை விழுந்துகொண்டிருந்தா. அவவின்ரை கையிலை பூக்கூடை இல்லை. றோய் மெல்லமாச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தலைவர் எழும்பினார்.

“நான் குதிக்கத் தயார். என்ரை மனம் எப்பவோ குதிச்சிட்டுது. ஆனால் தலைவர் எண்டவர் எப்பவும் மேலை இருக்கவேணும். கீழை விழுற தலைவரை ஆர் மதிக்கப் போயினம்? மன்றத்தின்ரை நன்மைக்காக என்ரை ஆசையை நான் தியாகம் செய்யிறன்.”

கைதட்டல்.

“குதிக்கிறதைக் கண்ணாலை பாத்து அறிக்கை எழுதக் கீழை ஒரு செயலாளர் வேணும்,” எண்டார் இளையதம்பி மாஸ்டர். “குதிக்கிறவன் தன்ரை அறிக்கையைத் தானே எழுதினால் அது யாப்புக்கு முரண். முடிக்கவும் மாட்டான்.”

றோய் சுருக்கமாச் சொன்னார். “காசு அலுமாரியின்ரை திறப்புக் கோர்வை என்ரை இடுப்பிலை. நான் விழுந்தால் திறப்பும் விழும்.”

அந்த நேரம் பாத்துக் குலேந்திரன் தேத்தண்ணித் தட்டத்தோடை உள்ளுக்கை வந்தார். எல்லாரும் எழும்பிக் கைதட்டிச்சினம். குடிக்க முதலே இவ்வளவு மெச்சினமே எண்டு அவருக்குக் கூச்சமாப் போச்சு.

“குலேந்திரன், மன்றம் உம்மை நம்பி ஒரு பெரிய பொறுப்புத் தருது. செய்வீர்தானே?” எண்டு தலைவர் கேட்டார்.

“ஓம்,” எண்டார் குலேந்திரன்.

அதுக்குப் பிறகுதான் வீடியோவைத் திருப்பிப் போட்டுக் காட்டிச்சினம். தட்டம் கையிலையிருந்து நழுவி, தேத்தண்ணி முழுக்க யாப்புப் புத்தகத்திலை ஊத்துண்டுது.

வீட்டை வந்து சொன்னபோது மனிசி சுவர்ணா கறிக்கு வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. கண்ணீர் வெங்காயத்தாலையோ விசயத்தாலையோ எண்டு குலேந்திரனுக்கு விளங்கேல்லை.

“ஏணியிலை ஏறாத மனிசன் நீங்கள்.”

“ஓம்.”

“ஏலாதெண்டு ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அதுக்கிடையிலை கைதட்டிப் போட்டினம்.”

“கைதட்டினால்? கைதட்டினால் சாகவேணுமோ? உவையள் தீர்மானம் எடுத்து நான் தாலி கழட்டுறதோ? இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி நான் போவன்.”

குலேந்திரன் போனார். வழி நெடுக ‘ஏலாது, ஏலாது’ எண்டு வாய்க்குள்ளை சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனார். தலைவர் விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை கிடந்து தன்ரை தலைமையுரையைத் தானே வாசிச்சு ரசிச்சுக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு,” எண்டு குலேந்திரன் தொடங்கினார்.

“பயமோ? மிச்சம் நல்லது. பயப்பிடாதவன் குதிச்சால் அதிலை என்ன சேவை இருக்கு? நீர் பயந்து பயந்து குதிக்கிறபடியால்தான் எங்களுக்கு மரியாதை. சூரிச் கிளைக்கு நான் எழுதினனான், எங்கடை ஆள் நடுங்கிறார், ஆனாலும் நாங்கள் விடமாட்டம் எண்டு. நல்லா உருகிப்போச்சினம்.”

“இல்லை ஐயா, ஏதும் ஒண்டு நடந்தால்…”

“நடந்தால் என்ன? மண்டபத்துக்கு உம்மடை பெயர் வைப்பம். கட்டி முடிச்சு இவ்வளவு காலமாப் பெயர் வைக்க ஒரு ஆள் கிடைக்காமல் சும்மா கிடக்கு. உயிரோடை இருக்கிறவையின்ரை பெயரை வைச்சால் மற்றவைக்குப் பொறாமை வரும். அந்தக் கரைச்சல் உம்மிலை இருக்காது.” தலைவர் எட்டிக் குலேந்திரன்ரை தோளிலை தட்டினார். “வந்தது வந்தனீர், அந்தக் கதிரையளையும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை ஏத்தி மைதானத்துக்கு எடுத்துவிடும்.”

“ஓம்,” எண்டார் குலேந்திரன்.

படலையிலை இளையதம்பி மாஸ்டர் மறிச்சார். நல்ல படம் ஒண்டு வேணுமாம். “சிரிக்காத படமாப் பாத்துத் தாரும். எது நடந்தாலும் பாவிக்கலாம்.”

அதோடை குலேந்திரனுக்குச் சாப்பாடு இறங்கேல்லை. சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சுக்கொண்டு கோப்பையைப் பாத்தபடி இருப்பார். தோட்டத்துக்குத் தண்ணி கட்டேக்கை மேலை ஒரு காகம் பறந்தாலும் மண்வெட்டியைப் போட்டிட்டுக் குந்திப்போடுவார். மழை வந்தால் நிகழ்ச்சி நிப்பாட்டுவினமெண்டு கேள்விப்பட்டுப் பிள்ளையாருக்கு நேந்தார். வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் மழைக்கு நேந்த தோட்டக்காரன் அவர் ஒராள்தான் இருப்பார். வானம் கண்ணாடியாய்க் கிடந்துது.

பயிற்சி மண்டபத்திலை நடந்துது. பயிற்சியை ஆரம்பிச்சு வைக்கிறதெண்டு தலைவர் எழும்பினவர், பறவையளின்ரை வரலாறு முழுக்கச் சொல்லி முடிக்க மத்தியானச் சாப்பாடு வந்திட்டுது. ஜெரோசனுக்கு மிஞ்சினது கை கழுவுற நேரம்.

“அங்கிள், ரெண்டு விசயம்தான். வெளியிலை போகேக்கை உடம்பை வளைக்கோணும். இறங்கேக்கை ரெண்டு காலையும் தூக்கோணும். மற்றதெல்லாம் நான் செய்வன்.”

“தம்பி, நான் உம்மோடை கட்டியிருப்பனோ?”

“ஓம் அங்கிள். நாலு கொழுக்கி. தோளிலை ரெண்டு, இடுப்பிலை ரெண்டு.”

“அது தன்பாட்டிலை கழராதோ?”

“சான்ஸே இல்லை. ஆளொண்டு அமத்தி இழுத்தால்தான் கழரும்.”

இவ்வளவு நாளிலை குலேந்திரனுக்கு ஆறுதலாக் கேட்ட முதல் கதை அது. ஆனால் ‘கொழுக்கி’ எண்ட சொல் தலைவற்றை காதிலையும் விழுந்திட்டுது.

“கீழை வந்த பிறகு அதை ஆர் கழட்டுறது?”

“நான்தான்,” எண்டான் ஜெரோசன்.

“நீர் வெளிநாட்டுப் பிள்ளை, உமக்குத் தெரியாது. எங்கடை ஊரிலை ஒரு கடை திறந்தாலும் நாடா வெட்ட ஒரு ஆள் வரவேணும். ஒரு மனிசனை வானத்திலையிருந்து இறக்கிப்போட்டு நீரே கழட்டிவிட்டால் அதுக்கு என்ன மதிப்பு? கொழுக்கியைப் பிரதம விருந்தினர்தான் கழட்டுவார்.”

ஜெரோசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். புறப்படேக்கை தகப்பன் ஒரு கதை சொல்லி விட்டிருந்தார், ஊரிலை பெரியாக்கள் என்ன சொன்னாலும் தலையாட்டு எண்டு. தலையாட்டினான். நிகழ்ச்சி நிரலிலை வாழ்த்துரைக்கும் சிறப்புரைக்கும் நடுவிலை ‘கொழுக்கி கழற்றல்: பிரதம விருந்தினர்’ எண்டு ஏறிச்சுது.

“ஒண்டு மட்டும் முக்கியம்,” எண்டான் ஜெரோசன். “மைதானம் வெறுமையா இருக்கோணும். கம்பு, கயிறு, கொடி ஒண்டும் கூடாது.”

“ஓம் ஓம் தம்பி,” எண்டிச்சினம் எல்லாரும். அவன் அங்காலை போனதும் தலைவர் சிரிச்சார். வெறும் மைதானத்துக்கோ பிரதம விருந்தினரைக் கூப்பிடுறது? பந்தல் போடாத நிகழ்ச்சி செத்தவீட்டை விடக் கேவலமெண்டார். செத்தவீட்டுக்கும் பந்தல் போடுறதுதான் எண்டு றோய் ஞாபகப்படுத்தினார்.

அப்ப மைதானம் முழுக்க நீலப் படங்கு பிடிச்சுப் பந்தல் எழும்பிச்சுது. நாலு பக்கமும் கொடிக்கயிறு. கதிரை அடுக்கினது குலேந்திரன், கம்பு நட்டதும் குலேந்திரன். ஒரு கம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபோதுதான் மனிசனுக்குச் சுரீரெண்டுது.

“மாஸ்டர், அப்ப நான் எங்கை இறங்கிறது?”

மேடைக்கு முன்னாலை ஒரு பாய் விரிக்கிற அளவிலை இடம் விட்டிருந்துது. அதிலை கோலம் போட்டு, நடுவிலை நிறைகுடமும் ரெண்டு குத்துவிளக்கும் வைக்கிறதா ஏற்பாடு. இளையதம்பி மாஸ்டர் அதைக் காட்டினார்.

“இதிலை இறங்கும். கோலத்தை அழிச்சுப்போடாதையும், பெட்டையள் பாடுபட்டுப் போடப் போகுதுகள்.”

குலேந்திரன் அண்ணாந்து வானத்தைப் பாத்தார். பிறகு கோலம் வாற இடத்தைப் பாத்தார். பிறகு மற்றக் கம்பையும் நட்டார்.

குதிக்கிற நாள் விடியவே சுவர்ணா எழும்பி அடுப்பு மூட்டினா. அவருக்குப் பிடிச்ச புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் செய்து வைச்சா. அதைப் பாத்ததும் குலேந்திரனுக்கு இன்னும் பயம் கூடிச்சுது. ஒரு பிடி வாயிலை வைச்சார், விழுங்க ஏலாமல் துப்பினார். “நான் மைதானத்துக்கு வரமாட்டன்,” எண்டா சுவர்ணா. “நீங்கள் விழுறதை உவையளோடை கதிரையிலை குந்தியிருந்து பாக்க என்னாலை ஏலாது.” அவவாலை எவ்வளவு லேசா அந்தச் சொல்லைச் சொல்ல முடியுது எண்டு குலேந்திரன் ஆச்சரியப்பட்டார்.

பிளேன் சின்னன். உள்ளுக்கை கதிரை இல்லை, நிலத்திலை குந்தவேணும். கிளம்பின உடனை குலேந்திரன் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். ஜெரோசன் பின்னாலை இருந்து கொழுக்கியளை மாட்டினான். குலேந்திரன் திருப்பியும் பாக்கச் சொன்னார். பாத்தான். இன்னொருக்கால் பாக்கச் சொன்னார். “அங்கிள், கீழை பாருங்கோ, எவ்வளவு வடிவு!” எண்டான் அவன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பாத்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தீப்பெட்டியளவிலை கிடந்துது. அங்காலை கடல். இஞ்சாலை சிவப்புச் சிவப்பாத் தோட்டங்கள். அதிலை ஒரு துண்டிலை தான் நேற்றுத் தண்ணி கட்டினதை நினைக்க மனிசனுக்கு அழுகை வந்துது. அந்த மண்ணிலை நிண்டு எத்தினை நாள் அலுத்துக்கொண்டிருப்பார்! இப்ப அதிலை ஒரு கால் வைக்கக் கிடைச்சால் காணும்.

பிளேன் கதவு திறபட்டுது. காத்து வந்து முகத்திலை அறைஞ்சுது. ஜெரோசன் அவரையும் தள்ளிக்கொண்டு வாசலுக்கு அரக்கினான். காலுக்குக் கீழை ஒண்டுமில்லை. அப்பதான், ஆயுளிலை முதல் தரமா, அந்தச் சொல் பல்லைத் தாண்டி வெளியிலை வந்துது.

“ஏலாது!”

“என்ன அங்கிள்?”

“ஏலாது தம்பி! என்னாலை ஏலாது!”

“கேக்கேல்லை அங்கிள்!”

அதோடை ரெண்டுபேரும் வெளியிலை நிண்டினம். நிண்டினமோ, விழுந்தினமோ. குலேந்திரன் “அம்மா” எண்டு கத்தினார், “பிள்ளையாரப்பா” எண்டு கத்தினார், பிறகு “சுவர்ணா, சுவர்ணா” எண்டு மட்டும் கத்தினார். உடம்பை வளைக்கிறதாவது! கண்ணீர் கீழை விழாமல் மேலை போச்சு. இனி முடிஞ்சுது, என்ரை சரித்திரம் இவ்வளவுதான், பீற்றூட்டுக்கு உரம் போடேல்லை எண்டு நினைச்ச நேரம் ஆரோ மேலையிருந்து கழுத்தைப் பிடிச்சு இழுத்தமாதிரி ஒரு உலுக்கல். பரசூட் விரிஞ்சிட்டுது. சத்தம் எல்லாம் நிண்டுபோச்சு. கீழை ஏதோ ஒரு கோயிலிலை மணி அடிச்சது காதிலை விழுந்துது. குலேந்திரன் மெல்ல மூச்சு விட்டார்.

“அங்கிள், மைதானம் எங்கை?”

“அந்தா, அந்த நீலப் படங்கு.”

“அது பந்தல். மைதானம் எங்கை?”

“பந்தல்தான் தம்பி மைதானம். நடுவிலை ஒரு கோலம் இருக்கும், தெரியுதோ?”

ஜெரோசன் சூரிச் பாசையிலை ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையா இருக்க நியாயமில்லை. “அங்கை இறங்கினால் கம்பு குத்திச் சாவம். பக்கத்திலை வெறும் கிறவுண்ட் ஒண்டு இருக்கு, அங்கை போறன்.”

குலேந்திரன் எட்டிப் பாத்தார். “ஐயோ அங்கை வேண்டாம் தம்பி! அது நாவலோடை!”

“ஏன், மிதிவெடி இருக்கோ?”

“அதைவிட மோசம்!”

மோசம்தான். நாவலோடை பக்கத்து ஊர். ஒரு கரப்பந்தாட்ட இறுதிப்போட்டியிலை பந்து கோட்டுக்கு உள்ளை விழுந்துதோ வெளியை விழுந்துதோ எண்டு தொடங்கின சண்டை, ரெண்டு ஊருக்கும் நடுவிலை மதகைத் தாண்டிக் கலியாணம் காட்சி ஒண்டும் இல்லையெண்ட அளவுக்கு வளந்து நிண்டுது. ஆனால் பரசூட்டுக்கு உது தெரியாது. காலைத் தூக்குங்கோ, தூக்குங்கோ எண்டு ஜெரோசன் கத்தக் கத்த, ரெண்டுபேரும் நாவலோடை ஐக்கிய விளையாட்டுக் கழக மைதானத்திலை குண்டி தேய இழுபட்டு நிண்டினம்.

மண்! குலேந்திரன் ரெண்டு கையாலையும் அள்ளி முகத்திலை பூசிக்கொண்டார். சிரிச்சார், அழுதார், ரெண்டும் ஒண்டாத்தான் வந்துது. அதுக்குப் பின்னாலை இன்னொண்டும் வந்துது. அடிவயிறு முட்டிப்போய்க் கிடந்துது, அவசரமா ஒண்டுக்குப் போகவேணும்.

செம்பாட்டடியிலை இதை ஒருத்தரும் காணேல்லை. சரியா அந்த நேரம் பாத்துப் பிரதம விருந்தினற்றை வாகனம் வந்திருக்கு. நாதஸ்வரமும் தவிலும் முழங்க, வீடியோக்காரன் உட்பட ஊரெல்லாம் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலிலை நிண்டிருக்கு. மதகுக்கு அங்காலை ஆரவாரம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பாத்தினமாம்.

நாவலோடைக் கழகத் தலைவர் டினேஸ் பொன்னாடையோடை ஓடிவந்தார். ஒரு மன்றத்துக்கும் பொன்னாடை தேடி அலைய வேண்டியதில்லை, எப்பவும் ஒண்டு மடிச்சு வைச்சிருப்பினம். “நாவலோடை மண்ணை நாடி வானத்திலையிருந்து வந்த வீரனை வரவேற்கிறம்!” எண்டு அவர் கத்த, குலேந்திரனுக்கும் ஜெரோசனுக்கும் சேத்து ஒரே பொன்னாடையைப் போர்த்திச்சினம். ஜெரோசன் கொழுக்கியிலை கை வைச்சான்.

“தம்பி, தொடாதையும்!”

மதகடியிலையிருந்து சத்தம். செம்பாட்டடி மன்றம் மோட்டச்சைக்கிளிலை வந்து இறங்கிச்சுது. முன்னாலை தலைவர் சிவக்கொழுந்து, மூச்சு வாங்க.

“கொழுக்கி கழட்டுறது பிரதம விருந்தினர்! நோட்டீஸிலை போட்டாச்சு!”

“எங்கடை மண்ணிலை விழுந்தது எங்கடை சொத்து,” எண்டார் டினேஸ். “கழட்டுறதெண்டால் நான்தான் கழட்டுவன்.”

“ஏறினது எங்கடை வானத்திலை!”

“வானத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கோ!”

“ஐயா,” எண்டார் குலேந்திரன் மெல்ல, “எனக்கு ஒருக்கால் ஒண்டுக்குப் போகவேணும்.”

“கொஞ்சம் பொறும் குலேந்திரன். உம்மடை விசயத்தைத்தானே கதைக்கிறம்.”

பிரதம விருந்தினற்றை வாகனம் மதகு வரைக்கும் வந்து நிண்டுது. அவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மக்களுக்காக உயிரையும் குடுப்பன், ஆனால் அழைப்பிதழ் தராத ஊருக்குள்ளை கால் வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பக் கண்ணாடியை ஏத்தினார். அழைப்பிதழ் அடிக்க நாவலோடை தயார், அதிலை தங்கடை கழகத்தின்ரை பெயர் முதலிலை வரவேணுமாம். செம்பாட்டடி ஒத்துக்கொள்ளேல்லை. வெயில் ஏறிச்சுது. ஆரோ ஒரு சோடாப் போத்தலும் ரெண்டு ஸ்ட்ரோவும் கொண்டுவந்து குடுத்தினம். ஜெரோசன் குடிச்சான். குலேந்திரன் அதைத் திரும்பியும் பாக்கேல்லை, இருந்த நிலைமை அப்பிடி.

கடைசியிலை றோய்தான் ஒரு வழி சொன்னார். கொழுக்கி நாலு இருக்கு. மேல் ரெண்டையும் பிரதம விருந்தினர் சார்பிலை செம்பாட்டடி கழட்டட்டும், கீழ் ரெண்டையும் நாவலோடை கழட்டட்டும். எல்லாரும் தலையாட்டிச்சினம். குலேந்திரனுக்கு உயிர் வந்துது. ஆனால் டினேஸ் யோசிச்சுப்போட்டு, கீழ்க் கொழுக்கி ஏன் எங்களுக்கு, நாங்கள் என்ன கீழோ எண்டார். சரி, இடம் வலமாப் பிரிப்பம் எண்டிச்சினம். அப்ப வலது பக்கம் ஆருக்கு? ஒரு உபகுழு அமைக்கிறதெண்டு முடிவாச்சு.

“ஐயா, என்னாலை ஏலாது,” எண்டார் குலேந்திரன். சத்தமாத்தான் சொன்னார். இந்த முறை காத்தும் இல்லை, பிளேன் இரைச்சலும் இல்லை. ஆனாலும் ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உபகுழுவுக்கு ஆர் தலைவர் எண்டு அப்பதான் கதை தொடங்கியிருந்துது.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுது. சுவர்ணா நாவலோடை ஒழுங்கையாலை வந்து, சனத்தை விலத்திக்கொண்டு நேரா மைதானத்துக்குள்ளையே ஓட்டிக்கொண்டு வந்தா. வீட்டு முற்றத்திலை நிண்டு அண்ணாந்தபடி பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறா. பரசூட் விரியிற வரைக்கும் மூச்சு விடேல்லையாம், பிறகு அது எங்கை போகுதெண்டு பாத்துக்கொண்டே வெளிக்கிட்டிருக்கிறா. வந்தவ ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. புருசன்ரை முகத்திலை இருந்த மண்ணைத் துடைச்சா. அவர் உதட்டைக் கடிச்சுக்கொண்டு கால் ரெண்டையும் இறுக்கிக்கொண்டிருக்கிறதைப் பாத்தா. விளங்கிச்சுது.

“தம்பி, எங்கை அமத்துறது?”

“இஞ்சை ஆன்ரி. அமத்திப்போட்டு இழுங்கோ.”

“தங்கச்சி! நிகழ்ச்சி நிரலிலை உங்கடை பெயர் இல்லை!” எண்டார் தலைவர்.

“இந்த மனிசனைக் கலியாணம் கட்டினது நான். உங்கடை மன்றமில்லை.”

மேல் ரெண்டு, கீழ் ரெண்டு, எல்லாம் கழண்டுது. குலேந்திரன் பொன்னாடையோடை வேலிக்கரைக்கு ஓடினார்.

வீட்டை வந்து கிணத்தடியிலை குந்தினார். சுவர்ணா வாளி வாளியாத் தலையிலை அள்ளி ஊத்தினா. “நல்லாப் பயந்து போனன் சுவர்ணா,” எண்டு சொல்லிப்போட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். “நானும்தான்,” எண்டா அவ. வாளியைக் கீழை வைச்சிட்டு ஈரத்தோடை அவரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டா.

அம்புலன்ஸ் கிடைச்சது. ஜெரோசன்ரை கையிலை கட்டியிருந்த கமரா விழுந்ததை முழுக்கப் பிடிச்சிருக்கு. அந்த வீடியோவிலை பேச்சும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஒரு தோட்டக்கார மனிசன் மனிசியின்ரை பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு விழுறார், அவ்வளவுதான். சூரிச் சனம் அதைப் பாத்துப் பாத்துக் காசு போட்டுது. ஜெரோசன் மன்றத்தைக் கேக்காமல் அம்புலன்ஸை வாங்கி வருத்தக்காரற்றை குடும்பங்களின்ரை கையிலையே குடுத்துப்போட்டுப் பிளேன் ஏறினான். நாடா வெட்டாமலே அது ஓடத் தொடங்கிச்சுது.

மன்றம் அவசரக் கூட்டம் வைச்சுது. நிகழ்ச்சி நிரலின்படி கொழுக்கி கழட்டப்படாதபடியால் வானிலிருந்து இறங்கும் நிகழ்ச்சி நிறைவுபெறேல்லை எண்டு தலைவர் விளக்கினார். திரு. குலேந்திரன் சட்டப்படி இன்னும் இறங்கேல்லை எண்டு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிச்சுது. அவர் பிரதம விருந்தினர் முன்னிலையிலை திரும்ப ஏறி முறைப்படி இறங்கும் வரைக்கும் மன்றத்தின்ரை கண்ணிலை மேலைதான் இருக்கிறார்.

பேந்து மன்றத்தின்ரை ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்துது. கதிரை அடுக்க ஆளில்லை, தோரணம் கட்ட ஆளில்லை. இளையதம்பி மாஸ்டர் வந்து படலையைத் தட்டினார். உள்ளுக்கை பீற்றூட்டுக்கு உரம் கலந்துகொண்டு குந்தியிருந்த குலேந்திரன் எழும்பப் பாத்தார். வாயிலை ‘ஓம்’ வந்து நிண்டுது. சுவர்ணா கையாலை அமத்திக் காட்டிப்போட்டு, எழும்பிப் படலைக்குப் போனா.

“அவர் நிக்கிறாரோ தங்கச்சி? கொஞ்சக் கதிரை அடுக்கக் கிடக்கு.”

சுவர்ணா வானத்தை ஒருக்கால் அண்ணாந்து பாத்தா.

“இன்னும் இறங்கேல்லை மாஸ்டர்,” எண்டா.